மே மாதத்து ஹீட்டர்

அக்காவுக்கு நிற்க வராது. உலகத்தில் எல்லோருக்கும் தானாக வருகிற அந்தக் காரியம் அவருக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. பேசும்போது கால் மாற்றிக்கொண்டே இருப்பார். சாப்பிடுவது அடுப்புக்கும் வண்டிக்கும் நடுவே நடந்தபடி. டீக்கடையில் டீ வருவதற்குள் இரண்டு தடவை "ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை தானே போய் வடிகட்டியைக் கையில் எடுத்துவிடுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, இன்னும் கண்ணுக்கே தெரியாத ரயிலைத் திட்டுவார்.

"எங்க வந்துக்கினு கீறானோ, அதுக்குள்ள சாத்திட்டான் பாரு."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர். நூற்றைம்பது பேருக்குச் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். ஒப்பந்தம் அவர் கணவர் பெயரில் இருந்தது. அவர் லாரி ஓட்டி முதுகுத்தண்டு போய் வீட்டில் படுத்திருந்தார். சமைப்பது, ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது எல்லாம் அக்கா. பெயர் எனக்குத் தெரியும். கம்பெனிக் காகிதம் எதிலும் அது இருந்ததில்லை. நானும் இங்கே எழுதவில்லை, அதற்கு வேறு காரணம் உண்டு.

நான் நிர்வாகப் பிரிவில் உதவியாளன். கேட்டில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்ற பதிவேட்டைச் சரிபார்ப்பது, மேனேஜர் சொல்கிற கடிதங்களை டைப் அடிப்பது, திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைவது. இதுதான் வேலை. ஆனால் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டு பெரிய ஆபீஸர் மாதிரி இருப்பேன். அக்கா என்னை கேட்டுக்குள் "சார்" என்பார். கேட்டுக்கு வெளியே "தம்பி".

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. யாரோ மூன்று பேர் ஓட்டித் தேய்த்த பிறகு வாங்கிய பழைய வேன். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. வண்டி சூடானால் முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை, உட்கார்ந்திருக்கிற இடமே சொல்லிவிடும். முதல் நாள் லிப்ட் கேட்டு ஏறிய நான் தச்சூர் கூட்டுரோட்டு நெரிசலில் நெளிந்துகொண்டிருந்தபோது, அக்கா டேஷ்போர்டில் ஒரு பிடியை இழுத்தார். முகத்தில் அனல் அடித்தது. மே மாதம், காலை பதினொரு மணி, ஹீட்டர்!

"அக்கா, இன்னா பண்றீங்க? அது ஹீட்டரு."

"தெரியும் தம்பி. இஞ்சினுக்குக் காய்ச்சல். அதுங்கிட்ட கீற சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கினா அது பொழச்சிக்கும். கண்ணாடிய எறக்கு."

கண்ணாடியை இறக்கினால் பக்கத்து லாரியின் புகை வந்தது. ஏற்றினால் ஹீட்டர். நடுவில் என் இஸ்திரி போட்ட சட்டை. முள் சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு நூல் அளவு இறங்கியதும் அக்கா அதைக் காட்டி, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரிச் சிரித்தார். பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. சோறும் ஆறாமல் இருக்கும், அது தனி லாபம் என்றார்.

வண்டி சூடாவதற்குக் காரணம் அவரேதான் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத் தெரிந்தது. ரேடியேட்டரில் ஒரு பொத்தல். அதை அடைக்க வண்டியை ஒரு நாள் ஷெட்டில் விட வேண்டும். ஒரு நாள் விட்டால் அன்றைக்குச் சோறு எதில் போகும்? அக்கா கைநிறைய மஞ்சள் தூளை அள்ளி ரேடியேட்டருக்குள் போட்டார். பழைய லாரி டிரைவர்கள் செய்கிற வேலைதான், தூள் ஊறிப் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அவர்கள் ஒரு தடவை போட்டு ஊர் போய்ச் சேருவார்கள். அக்காவிடம் மஞ்சள் தூளுக்கா பஞ்சம்? வாரம் ஒரு தடவை போட்டார். ஓட்டை அடைபட்டது, கூடவே உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியும் அடைபட்டது. கவரைப்பேட்டை மெக்கானிக் ஒருவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ரேடியேட்டரா, சாம்பார் சட்டியா? தாளிக்கிறது மட்டுந்தான் பாக்கி" என்று கேட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினார்.

எங்கள் கேட்டில் அவர் வண்டி நிற்கிற இடத்தில் சிமெண்டுத் தரையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. செக்யூரிட்டி எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவருக்குத் தோல் வேறு நிறமாக, சுருங்கி இருக்கும். எண்ணெய் கொட்டிவிட்டது என்று நானாக நினைத்திருந்தேன். சமையல்காரர் கையில் வேறென்ன இருக்கும்? ஒரு நாள் கேட்டேன். கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டர் மூடியைத் திறந்தாராம்.

"ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா இது இல்ல தம்பி. ரெண்டு நிமிசம் யார்கிட்ட கீது?"

அன்றைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிவந்து சோறு போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி ஒரு மனுஷி என்னத்துக்காக இந்த ஓட்டம் ஓட வேண்டும்? நூற்றைம்பது பேரும் பத்து நிமிஷம் காத்திருந்தால் செத்தா போய்விடுவார்கள்? வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

இரண்டு லாரிகளைத் தாண்டிய பிறகு அக்கா சொன்னார். கல்யாணமான புதிதில் அவரும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. நின்றுகொண்டே செய்கிற வேலை. மதியம் அரை மணி நேரம்தான் விடுவார்கள்.

"ஒரு நாளு சோத்து வண்டி வரல. தட்டை வெச்சிக்கினு வரிசையில நின்னுக்கினு இருந்தோம். தோ வருது, தோ வருதுன்னான். வண்டி உள்ள நொழையுது, பெல்லு அடிச்சிட்டான். வெறுந்தட்டக் கழுவி வெச்சிட்டு மெஷினுக்குப் போனேன். கழுவ அதுல இன்னா கீது? ஆனா கழுவினேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு முன்னால் போன ஆட்டோவைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். நானும் அதற்குப் பிறகு ஹீட்டரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கம்பெனியில் இரண்டு விதிகள் இருந்தன. சாப்பாடு பன்னிரண்டே காலுக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும், மூன்று தடவை தாமதமானால் ஒப்பந்தம் ரத்து. இது ஒன்று. ஒப்பந்தக்காரர்களின் வண்டியில் ஊழியர்கள் ஏறக் கூடாது, அவர்களிடம் எந்தச் சலுகையும் வாங்கக் கூடாது. இது இன்னொன்று. முதலாவதை மீறியதற்காக அக்காவுக்கு இரண்டு கடிதம் போயிருந்தது. ஒன்று வண்டி சூடானதற்கு, இன்னொன்று மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதற்கு. இரண்டையும் டைப் அடித்தவன் நான். இரண்டாவதில் 'இறுதி எச்சரிக்கை' என்பதற்கு அடியில் கோடு போட்டவனும் நான்தான், மேனேஜர் போடச் சொல்லவில்லை. இரண்டாவது விதியை மீறியவனும் நான்தான். மாதம் நாலைந்து தடவை அந்த வண்டியில் ஏறுவேன், கேட்டுக்கு முன்னால் திருப்பத்தில் இறங்கி நடந்து போவேன். யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் அப்படித்தான், காலையில் திருவள்ளூரில் ஒரு ஆபீஸில் காகிதம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கவரைப்பேட்டை தாண்டிப் பஸ் நின்றுவிட்டது. மேம்பால இறக்கத்தில் கம்பிக் கட்டு ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று குறுக்கே திரும்பி நின்றதாம். இறங்கி நடந்தேன். லாரிகளுக்கு நடுவே அந்த வேன். அக்கா ஒரு காலைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குந்து தம்பி. வெய்யில்ல ஏன் நடக்கற?"

ஏறினேன். இருக்கை சுட்டது. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முள் சிவப்பில் இருந்தது. முக்கால் மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். அக்கா ஹாரன் அடித்தார், இறங்கி முன்னால் ஓடிப் பார்த்தார், திரும்ப வந்தார், மறுபடி ஹாரன் அடித்தார். தண்ணீர் கேனில் இருந்ததை ரேடியேட்டர் மேல் ஊற்றினார், புஸ்ஸென்று ஆவி வந்தது. மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது முன்னால் இருந்த லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. வழி விட்டுவிட்டார்கள்.

அக்கா கியரைப் போட்டார். எஞ்சினிலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம். கருகிய வாசனை. நான் பயந்துவிட்டேன்.

"அக்கா, நிறுத்துங்க! இஞ்சின் சூட்டுல இறுகிப் பிடிச்சிக்கும்."

"நாலு கிலோமீட்டர்தான் தம்பி. பத்து நிமிசம். உருட்டிக்கினு போய்ட்றேன்."

"வண்டியே போயிட்டா நாளைக்கி எதுல வருவீங்க? நிறுத்துங்கக்கா. கொஞ்சம் ஆறினப்புறம் போலாம். மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டி ஓடும்போது அவர் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"நீ சொல்லிக்கிறியா?"

"சொல்லிக்கிறேன்."

ஓரமாக ஒதுக்கிச் சாவியைத் திருப்பினார். மெக்கானிக் சொல்லிக் கேட்காதவர், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கேட்காதவர், நான் சொல்லிக் கேட்டார்.

நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவர் நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். அண்டா மூடியைத் தொட்டுப் பார்த்தார். கரண்டிகளை எடுத்து வரிசைப்படுத்தினார், கலைத்தார், மறுபடி வரிசைப்படுத்தினார். போன ஒவ்வொரு லோடு ஆட்டோவுக்கும் கை காட்டினார், எல்லாவற்றிலும் சரக்கு. மேனேஜருக்கு ஃபோன் போட்டார், அவர் எடுக்கவில்லை. இரண்டு தடவை ரேடியேட்டர் மூடிக்குக் கை போனது, இரண்டு தடவையும் நான் பிடித்து இழுத்தேன்.

என் ஃபோன் என் சட்டைப் பையில் இருந்தது. கம்பெனிக்கு அடித்து, சாப்பாட்டு வண்டி இங்கே நிற்கிறது, ஒரு டெம்போ அனுப்புங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ எங்கேயிருந்து பேசுகிறாய் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

வண்டி ஆறிக் கிளம்பி, கேட்டுக்கு முந்தின திருப்பம் வந்ததும் வழக்கம்போல இறங்கிக்கொண்டேன். நான் வேறு பக்கமாக நடந்து உள்ளே போனபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஆட்கள் கேண்டீன் வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கு பெல். அக்கா தரையில் கால் பாவாமல் அண்டாவை இறக்கினார். கரண்டி கரண்டியாகப் போட்டார். பாதி வரிசைதான் முடிந்தது. பெல் அடித்தது. சிலர் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். சிலர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

மேனேஜர் கேட்டுக்கே வந்துவிட்டார். பதிவேட்டோடு என்னையும் கூப்பிட்டார். வெயிலில் நாங்கள் மூன்று பேர், அந்த மஞ்சள் கறைக்குப் பக்கத்தில்.

"ஏம்மா, பன்னெண்டு மணிக்கே ரோடு கிளியர் ஆயிடுச்சுன்னு ட்ரைவருங்க சொல்றாங்க. இங்க வர பத்து நிமிஷம். நீங்க என்ன பண்ணீங்க?"

"வண்டி சூடாயிட்சி சார். நிறுத்தி வெச்சிருந்தேன்."

"நிறுத்தினீங்களா? நீங்களா?" மேனேஜர் சிரித்தார். அவருக்கும் அக்காவைத் தெரியும். "யாரு நிறுத்தச் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வை இல்லை. நான் பேச ஆரம்பிப்பேன், அதற்கு இடம் விடுவோம் என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினேன். பேனா மூடியைக் கழற்றினேன். அன்றைய தேதியைத் தேடுவது போல விரலை மேலிருந்து கீழே கொண்டுவந்தேன். தேதி முதல் வரியிலேயே இருந்தது. அக்கா கால் மாற்றாமல் நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் அவர் அப்படி நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

"நானாத்தான் சார் நிறுத்தினேன்" என்றார்.

பதிவேட்டில் வண்டி எண், வந்த நேரம், தாமதம் என்றால் காரணம் என்று மூன்று கட்டங்கள் உண்டு. நேரத்தை 12.50 என்று சரியாக எழுதினேன். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டேன். மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன்.

பாத்திரங்களை எடுத்துப் போக நாலாம் நாள் வந்தார். ஏற்றி முடித்ததும் கேட்டுக்கு வெளியே, ரோட்டில், தம்பி என்று கூப்பிடுகிற இடத்தில், "வரேன் சார்" என்றார். வண்டி கிளம்பிப் போன பிறகும் அந்த 'சார்' காதிலேயே நின்றது. எவ்வளவோ பேர் என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள், எதுவும் அப்படி உறைத்ததில்லை.

அக்கா எளாவூரில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லாரிக்காரர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பதாகச் செக்யூரிட்டி ஒரு வருஷம் கழித்துச் சொன்னார். "அதே வண்டி சார். ஓடறதில்ல. ஓரமா நிக்குது. பின்கதவத் தொறந்து வெச்சிக்கினு போட்றாங்க. உங்கள விசாரிச்சாங்க." என்ன விசாரித்தார் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் மனைவியோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். இப்போது எனக்கு வேறு வேலை, சொந்தமாக ஒரு பழைய கார். திரும்பும்போது ஊரைத் தாண்டுவதற்குள் நெரிசல். முள் ஏறியது. யோசிக்கவே இல்லை, ஏசியை அணைத்தேன், ஹீட்டரைத் திருகினேன், கண்ணாடிகளை இறக்கினேன். பட்டுப்புடவையில் இருந்தவள் அலறினாள்.

"புத்தி பேதலிச்சிடுச்சா உங்களுக்கு?"

"பொறு. இஞ்சின் சூட்டை இது இழுத்துக்கும். பார், முள்ளு இறங்குது."

இறங்கியது. முகத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஒரு மெக்கானிக்."

தயாராக வைத்திருந்த மாதிரி வந்து விழுந்தது. எனக்கே திக்கென்றது. ஓரமாக நிறுத்தி, ஆறட்டும் என்று இறங்கி நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன், காலிக் கட்டம் வரைக்கும். கேட்டுவிட்டு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எளாவூர் இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

"திரும்பிப் போனா கால் மணி நேரம்."

"விருந்துல நான் சரியாவே சாப்பிடல. பசிக்குது. அங்கயே போய்ச் சாப்பிடலாமா?"

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சாதுவாகக் கிளம்பியது. முள் நடுவில் நின்றது. நூறடி தள்ளி வலது பக்கம் திரும்புகிற இடைவெளி தெரிந்தது. நான் அதை நேராகத் தாண்டினேன்.

"இல்ல, நேரமாயிடுச்சு" என்றேன்.

மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை.